மாடிப்படி பல்புக்கு யார் காசு கொடுப்பது?

மும்பையில் மான்குர்ட், கோவண்டி பக்கத்து குடிசைக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த மறுவாழ்வுக் குடியிருப்புகளில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சொசைட்டிக்காரர்கள், அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கத்தார், என்னிடம் முதலில் கேட்பது, "கேமரா வைக்க எவ்வளவு ஆகும் மேடம்?" என்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை மாடி ஏறிப் பார்ப்போம், அப்புறம் கேமராவைப் பேசலாம் என்பேன்.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அப்படி ஏறினோம். லிஃப்ட் நின்று பல மாதம். மூன்று மாடிகளில் விளக்கே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் நாலாவது மாடிப் படியில் நின்றிருந்தார். "பிள்ளை டியூஷன் முடிஞ்சு வார வரைக்கும் தினமும் இங்கனதான் நிக்கேன்க்கா. கீழ கர்துல்லா பயலுவ உக்காந்திருக்கானுவ." கர்துல்லா என்றால் மும்பைப் பேச்சில் போதைக்கு அடிமையானவர்.

இந்த இருட்டு எப்படி வந்தது? பொது மீட்டருக்குக் கரண்ட் பில் கட்டவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். குடிசையில் இருந்த வரை பொது பில் என்று ஒன்று கிடையாது. அவரவர் வாசல், அவரவர் விளக்கு. கல்லியில், அதாவது குடிசைச் சந்தில், எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். 225 சதுர அடி வீட்டுக்கு மாறியதும் கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் பழைய பாக்கி அடையும் வரை காத்திருக்கவில்லை. சொசைட்டியில் தீர்மானம் எழுதி, மாடிக்கு ஒரு வீட்டு மீட்டரிலிருந்து எலக்ட்ரீஷியனை வைத்து ஒயர் இழுத்தோம். 9 வாட் எல்இடி தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் மூன்றேகால் யூனிட்தான். அந்த மாடிக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களில் பெரிய தற்காலிக விளக்குக் கோபுரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். வெளியிடத்தில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். அது திறந்தவெளி, நம்முடையது படிக்கட்டு. அதே கணக்கு இங்கே வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டில் வைத்த சாதாரணக் கேமராவில் முகம் சரியாகத் தெரியாது என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அடுத்தது கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் சந்து. பல இடங்களில் மூன்று மீட்டர்தான். மேல் மாடிக்காரர்கள் குப்பையை அதில் வீசுகிறார்கள். நாற்றம் தாங்காமல் தரைத்தள வீடுகள் ஜன்னலை நிரந்தரமாகச் சாத்திவிடுகின்றன. யாரும் பார்க்காத சந்து போதைக்காரர்களுக்கு வசதி. குப்பையை எடுக்க வைத்த இடங்களில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது, கும்பலும் வேறு இடம் பார்த்தது. வேறு இடத்துக்குப் போனார்களே தவிர, பழக்கத்தை விடவில்லை என்பதும் உண்மை. அந்தப் பையன்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். போதை தொடர்பான உதவிக்கு 1933, சிறுவர்கள் ஆபத்தில் இருந்தால் 1098, அவசரத்துக்கு 112.

பால்வாடி, சமூகக் கூடம், சொசைட்டி அலுவலகம் ஆகியவற்றுக்கு எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்திலேயே இடம் உண்டு. பூட்டிக் கிடக்கும் அந்த அறை சூதாட்ட இடமாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். அதே அறையில் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை படிப்பு வகுப்பு நடந்தால் நுழைவாயிலில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். வாட்ச்மேன் சம்பளத்துக்கு வழியில்லாத சொசைட்டிக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

தாராவியில் 350 சதுர அடி வீடு வரப்போகிறது என்று காத்திருக்கும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. சதுர அடியை எல்லாரும் கேட்கிறார்கள். படிக்கட்டுக்கு ஜன்னல் உண்டா, பால்வாடி நுழைவாயிலைப் பார்த்து இருக்கிறதா, ரெண்டு கட்டடத்துக்கு நடுவில் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்ஆர்ஏ திட்டங்களில் பராமரிப்புக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று பில்டர் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்ற விதி உண்டு. முன்பு 20,000 ரூபாயாகவும் பிறகு 40,000 ஆகவும் இருந்தது. உங்கள் திட்டத்தில் அது எவ்வளவு, யார் கணக்கில் இருக்கிறது, வட்டி எப்போது கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாவி வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.