ரசீது என்றால் ‘வந்து சேர்ந்தது’

ரசீது பாரசீகச் சொல். அந்த மொழியில் ‘ரசீதன்’ என்றால் வந்து சேர்தல். ‘ரசீத்’ என்றால் ‘வந்து சேர்ந்தது’. அதாவது அது முதலில் ஒரு தாளின் பெயரே இல்லை, முழு வாக்கியம். பணம் வாங்கியவர் ஒரு துண்டுத் தாளில் ‘வந்து சேர்ந்தது’ என்று எழுதிக் கொடுக்க, எழுதியதே தாளுக்கும் பெயராகிவிட்டது.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத ஆற்காட்டுப் பக்கம் பொருத்தமான ஊர்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகர். அவர்களுடைய அரசாங்கக் கணக்கு பாரசீகத்தில் நடந்தது. 1801இல் கும்பெனியார் நாட்டை எடுத்துக்கொண்ட பிறகும் வரிக்கணக்குச் சொற்களைக் கைவிடவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, பாக்கி, ஜாமீன் எல்லாம் இன்றும் தாலுகா ஆபீசில் புழங்குகின்றன. ரசீதும் அந்தக் கூட்டத்துச் சொல். ‘ரசீது கிழிச்சுக் குடு’ என்று நாம் சொல்வது, புத்தகத்தில் அடிக்கட்டையை விட்டுவிட்டு மேல்தாளைக் கிழித்துத் தரும் பழக்கத்தால்.

அதே கூட்டத்தில் ‘வசூல்’ என்ற சொல்லும் இருக்கிறது. அது அரபியிலிருந்து வந்தது, அதற்கும் மூலப்பொருள் ‘வந்து சேர்தல்’தான். நம்முடைய ‘வரவு’ எங்கிருந்து வந்தது? ‘வா’ என்ற வினையிலிருந்து. மூன்று மொழிக் கணக்குப்பிள்ளைகளும் பணம் வருவதை ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

இப்போது காட்பாடி டீக்கடையில் கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பேசும் பெட்டி ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்துகிறதே, பாரசீகப் பொருளில் அது அசல் ரசீது. பணம் வந்ததைச் சொல்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. எதற்காக வந்தது, என்ன பொருள் கைமாறியது, அதற்கு எத்தனை வருஷம் வாரண்டி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பொருள் பழுதாகி நாம் சண்டைக்குப் போகும்போது தேவைப்படுவதோ அந்த மிச்ச விவரங்கள்தான்.

அந்த வேலையைச் செய்வது பில். ஆங்கிலத்தில் இந்தச் சொல் லத்தீன் ‘புல்லா’விலிருந்து வந்தது. புல்லா என்றால் முத்திரை, பிறகு முத்திரையிட்ட ஆவணம். சட்டசபையில் வைக்கிற பில்லும் கடைக்காரர் போடுகிற பில்லும் ஒரே வேர்தான். தமிழில் நாம் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம், சட்டசபையில் மசோதா அல்லது சட்ட முன்வடிவு, கடையில் விலைப்பட்டியல். ஆக, பில் என்பது என்ன விற்றேன், என்ன விலை என்று விற்பவர் சொல்வது. ரசீது என்பது பணம் வாங்கினேன் என்று அவர் ஒப்புக்கொள்வது. ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று அச்சாகி வரும் கடை பில்லில் இரண்டும் சேர்ந்திருக்கும். அதனால் பேச்சில் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் பிரிக்கத் தேவையும் இல்லை.

பிரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது எஸ்டிமேட். வேலூர் லாங் பஜாரானாலும் ஆம்பூர் செருப்புக் கடையானாலும் ஆரணிப் பட்டுச் சேலை வாங்கப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழலாம்: “பில்லு வேணுமாண்ணா? பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும், எஸ்டிமேட்டே போதும்ல?” நாமும் நாலு காசு மிச்சமாகுமே என்று தலையாட்டுகிறோம். கடைப் பெயர் இல்லாத, வரிசை எண் இல்லாத ஒரு வெள்ளைச் சீட்டு கைக்கு வருகிறது. எஸ்டிமேட் என்றால் உத்தேச மதிப்பு, அவ்வளவுதான். விற்றேன் என்றும் அதில் இல்லை, பணம் வந்தது என்றும் இல்லை. என் கணக்கில் அது பில்லும் ஆகாது, ரசீதும் ஆகாது. இன்னொன்று, எம்ஆர்பி அச்சிட்ட பொட்டலப் பொருளில் வரி ஏற்கெனவே அடக்கம். அந்த விலைக்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்பது சட்டப்படி தப்பு.

சட்டம் இந்தத் தாளுக்கு நிறைய மதிப்பு கொடுத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ பில், ரசீது எதுவும் தராமல் இருப்பதையே அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அப்புறம் இன்னொரு விஷயம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. எத்தனை நாளுக்குள் என்று பில்லில் போட்டிருந்தால் அதுவரை, ஒன்றும் போடாவிட்டால் 30 நாள். ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ‘வாபஸ்’கூடப் பாரசீகம்தான். அந்த வரியைப் பார்த்துப் பழுதான பொருளோடு பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, தங்கச்சி வேறு டிசைன் கேட்கிறாள் என்றால் இந்த விதி உதவாது. அங்கே கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி சட்டப்படி தனி பில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நாம் கேட்டால் போட வேண்டும்.

சரி, ரசீதுக்குத் தமிழ் என்ன? அகராதி வழக்கு ‘பற்றுச்சீட்டு’. இலங்கைத் தமிழர் இதை அன்றாடம் புழங்குகிறார்கள். நம் பக்கத்தில் சிலர் ‘பெறுகைச் சீட்டு’ என்றும் எழுதுகிறார்கள். ‘ஒப்புகைச் சீட்டு’ என்பது மனு வாங்கிக்கொண்டதற்குத் தரும் தாளுக்கும் பொருந்தும் என்பதால் பணத்துக்கு மட்டும் உரியதாகாது. இவற்றில் பற்றுச்சீட்டுதான் எனக்குப் பிடிக்கிறது. பாரசீகச் சொல் ‘பணம் வந்தது’ என்கிறது. யார் கைக்கு வந்தது என்று சொல்லவில்லை. பற்றுதல் என்றால் கையில் பிடித்தல், ஆகவே பற்றுச்சீட்டில் வாங்கிய கையும் தெரிகிறது. ஆங்கில ‘ரிசீட்’ கூட இப்படித்தான், எடுத்துக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. டாக்டர் மருந்துச் சீட்டின் தலையில் போடும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் அதே வினைதான், ‘எடுத்துக்கொள்’ என்ற கட்டளை.

ஒரே ஒரு சங்கடம். மளிகைக் கடைக் கணக்கில் பற்று என்றால் நாம் கடன் சொல்லி வாங்கிப் போனது. அதனால் பழைய ஆட்களிடம் பற்றுச்சீட்டு என்றால் கடன் சீட்டு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எழுத்தில் பற்றுச்சீட்டு, பில்லுக்கு விலைப்பட்டியல் அல்லது விலைச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கடை வாசலில் ரசீது என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை, நமக்கு அது அவ்வளவு பழகிவிட்டது.

வேலூருக்கு வைத்தியத்துக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். அவர்களுக்கு அட்வான்ஸ் ரசீதுதான் முக்கியம். அதில் தொகை மட்டும் இருந்தால் பத்தாது, அது அறையைக் காலி செய்யும்போது திரும்பத் தரவேண்டிய பணம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடகையில் கழிந்தது என்று சொல்லிவிட முடியும். மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று, பழைய சட்டம் இருந்தபோதே 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரிகள் இதில் வரமாட்டா. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில், இலவச நோயாளிக்கும் புகார் செய்யும் உரிமை உண்டு. அவர் கையில் ரசீதே இருக்காது, ஆனாலும் அவர் நுகர்வோர்தான்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபடி விற்பதற்கோ வணிகத்துக்கோ வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து தைக்க மிஷின் வாங்கிய ஆம்பூர்க்காரர் நுகர்வோர்தான். ஆனால் வீட்டுக்கு வாங்கிய ஏசிக்கு, வரி லாபம் கிடைக்கும் என்று கம்பெனிப் பெயரில் பில் போட்டுவிட்டால், இது வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாட நாமே வழி விட்டதாகிவிடும்.

கடையில் பேசிச் சரிவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனில் எங்கிருந்தோ வந்த பொருளுக்குக் குடியாத்தத்துக்காரர் டெல்லிக்கு அலைய வேண்டாம். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் பணம் இழந்தவரும் ஊருக்குப் போய் அங்கிருந்தே கேட்கலாம்.

பில் தொலைந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டியதில்லை. யுபிஐ பதிவு, வங்கிக் கணக்கு, முத்திரை குத்திய வாரண்டி அட்டை, கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் சான்றாகக் காட்டலாம். பெரிய எதிரி தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது, சூட்டில் கருக்கும் பூச்சில்தான் எழுத்து விழுகிறது. அது தானாகவே வெளுக்கும், வேலூர் வெயிலில் வண்டி டேங்க் கவருக்குள் கிடந்தால் மொத்தத் தாளும் கருத்துப்போகும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டவர்கள் தேதியையும் கொடுத்த போன் நம்பரையும் சொல்லிக் கடையில் மறுபிரதி கேட்கலாம். ஜிஎஸ்டியில் பதிவு செய்த கடைக்காரர், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பில் போடும் கடையில் பழைய பில்லைத் தேடி எடுப்பது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை.