ஸ்டிக்கரில் தேதி மட்டும் எழுதியவன்

டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் முடிந்ததும் பேனல் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆயில் மாற்றிய தேதி ஒன்று, அடுத்து மாற்ற வேண்டிய தேதி ஒன்று. பல வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன். 2018 நவம்பர் வரை அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. 62.5 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் செட். மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்தும். அன்றுதான் அதற்கு வேலை. வருஷத்துக்கு நூறு மணி நேரம் ஓடினால் அதிகம். செப்டம்பரில் ஆயில் மாற்றியபோது, ஓடிய மணி நேரத்தை எண்ணும் ஹவர் மீட்டரில் 1,212. ஸ்டிக்கரில் நான் எழுதியது, ‘அடுத்த சர்வீஸ்: மார்ச் 2019.’

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னை சாய்ந்ததும் மின்கம்பம் சாய்ந்ததும் எல்லாரும் பார்த்ததுதான். அதற்கப்புறம் அந்தச் செட் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஓடியது. புயலன்று மீட்டர் 1,230-ல் இருந்தது. பதின்மூன்றாம் நாள் ராத்திரி ஆயில் பிரஷர் குறைந்து இன்ஜின் தானே நின்றது. ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில் மட்டும் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வாடகைச் செட் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை டார்ச் வெளிச்சம்தான்.

வாட்ச்மேன் என்னிடம் கேட்டார்: “சார், ஸ்டிக்கர்ல மார்ச்னு போட்டிருக்கு. நான் எப்படி உங்களுக்கு போன் பண்ணுவேன்?”

அந்த இன்ஜினுக்கு ஆயில் கெடு 250 மணி நேரம். 1,212-உடன் 250 சேர்த்தால் 1,462. புயலுக்குப் பன்னிரண்டாம் நாள் மீட்டர் அதைத் தாண்டிவிட்டது. ‘1,462 வந்தால் கூப்பிடு’ என்று எழுதியிருந்தால் அவர் கூப்பிட்டிருப்பார். தினமும் மீட்டர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு, இருபது மணி நேரம் கூடுதலாக ஓடியதால் மட்டும் இன்ஜின் படுத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த தென்னைகளை அறுத்த தூளில் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது, நடுவில் ஒரு நாளும் ஆயில் மட்டம் பார்க்கவில்லை, டாப்-அப் இல்லை. மூன்றும் சேர்ந்து பேரிங்கைத் தின்றன. ஓயாமல் ஓடும் செட்டில் தினமும் டிப்ஸ்டிக் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மீட்டரும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி ஒவ்வொரு தடவையும் என்னிடம் வாதம் பண்ணுவார்: “250 மணி நேரம்னு நீங்கதானே சொன்னீங்க? மீட்டர் இருபதுகூட ஓடலையே, எதுக்கு ஆயில்?” வருஷம் இருபது மணி நேரம் என்று வைத்தால் அவர் கணக்கில் பன்னிரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில். சும்மா நிற்கும் இன்ஜினிலும் ஆயில் கெடும். ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் சூடு முழுசாக ஏறாது; உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து நிற்கும், புளிக்கும். அதனால்தான் கம்பெனி கையேட்டில் ‘இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது’ என்று போட்டிருக்கும். அந்த ‘அல்லது’வில் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் படிப்பது மனுஷ சுபாவம். நான் காலண்டர் பாதியைப் படித்தேன், அவர் மீட்டர் பாதியைப் படித்தார்.

சரி, மீட்டர்படி போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த மீட்டர் எதை எண்ணுகிறது என்பது. கன்ட்ரோலர் உள்ள புதுச் செட்களில் இன்ஜின் சுற்றினால்தான் எண்ணும். பழைய பேனல் சிலவற்றில் சாவி ஆன் ஆனாலே எண்ண ஆரம்பித்துவிடும். ஒரு ராத்திரி சாவியை அப்படியே விட்டுப் போனார்கள். காலையில் மீட்டர் ஒன்பது மணி நேரம் ஏறியிருந்தது, பேட்டரி செத்திருந்தது, இன்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பழைய ட்ராக்டர்களில் கேபிள் மீட்டர் இன்ஜின் சுற்றை எண்ணும். குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் அதற்கு ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம். மெதுவாக ஓட்டினால் மீட்டர் பின்தங்கும். வாடகை உழவில் டிரைவர் கைக்கடிகாரம் பார்ப்பதும் வயல்காரர் மீட்டர் பார்ப்பதும் சண்டையில் முடிவது இதனால்தான். காற்றை அழுத்தித் தரும் ஸ்க்ரூ கம்ப்ரஸரில் மொத்த ஓட்டம் வேறு, லோடில், அதாவது காற்றை அழுத்தியபடி, ஓடிய நேரம் வேறு. இரண்டும் திரையில் தெரியும். எதை வைத்து சர்வீஸ் என்று கையேட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

மீட்டர் சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. ஐந்து கிலோவாட் லோடுக்கு ஐம்பது கிலோவாட் செட்டை ஓட்டினாலும் அதற்கு ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். தன் திறனில் முப்பது சதவீதத்துக்குக் கீழான லோடில் தொடர்ந்து ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வழியாகக் கறுப்பாக ஒழுகும். அப்படிப்பட்ட செட்டுக்கு 250 என்று இருந்தால் நான் 200-லேயே ஆயிலைப் பார்த்துவிடுவேன்.

ரீடிங் எழுதுவதிலும் கூத்து உண்டு. பல மீட்டரில் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருக்கும். அது மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஓர் இடத்தில் 412.7-ஐப் புதுப் பையன் 4127 என்று லாக் புக்கில் எழுதினான். அலுவலகத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், பதினாலு சர்வீஸ் பாக்கி என்று மேனேஜருக்கு மெயில் போனது. அதிலிருந்து இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். புது ரீடிங் பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாளோ, அதை 24-ஆல் பெருக்கினால் வருவதற்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. எக்ஸெல் ஷீட் போதும், பெரிய சாஃப்ட்வேர் வேண்டியதில்லை.

கணக்கு இவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் ரீடிங் எழுதுங்கள். கடைசி ஆயில் 1,640-ல், கெடு 250 என்றால் அடுத்தது 1,890. இன்று 1,842, பாக்கி 48. கடந்த நான்கு வாரச் சராசரி வாரத்துக்குப் பன்னிரண்டு என்றால் இன்னும் நான்கு வாரம். வருஷச் சராசரியை எடுக்காதீர்கள். மே மாசத்து ஓட்டம் வேறு, டிசம்பர் ஓட்டம் வேறு. கெடுவில் எண்பது சதவீதம் தாண்டியதும், அதாவது 200 மணி நேரத்தில், ஃபில்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவேன். நம் ஊர்க் கடைகளில் சில மாடல் ஃபில்டர் கேட்ட அன்று கிடைக்காது.

சர்வீஸ் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 1,890-ல் மாற்ற வேண்டியதை 1,915-ல் மாற்றினால் அடுத்தது 2,140-ஆ, 2,165-ஆ? ஆயிலுக்கு 2,165, புது ஆயில் எந்த ரீடிங்கில் உள்ளே போனதோ அங்கிருந்துதான் அதன் வயசு. ஆனால் ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு தடவை டாப்பெட் (இன்ஜின் வால்வு) இடைவெளி பார்க்கிற மாதிரி வேலைகளை ஆயில் மாற்றும் நாளோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆயில் தள்ளத் தள்ள இரண்டும் பிரிந்து, ஒரே மாதத்தில் இரண்டு தடவை செட்டை நிறுத்த வேண்டிவரும். அப்போது பின்னால் வரும் வேலையை முன்னுக்கு இழுத்து ஒன்றாக முடித்துவிடுங்கள். முன்னால் உள்ளதைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

மீட்டர் நின்றுபோன செட் நிறைய பார்க்கிறேன். மீட்டர் நின்றால் சர்வீஸ் கெடு வரவே வராது. அதனால் யாருக்கும் அவசரம் இல்லை. புது மீட்டர் போடும்வரை டீசல் கணக்குதான் கைகொடுக்கும். உங்கள் செட் மணிக்கு ஒன்பது லிட்டர் குடித்ததாகப் பழைய லாக் புக் சொன்னால், 450 லிட்டர் தீர்ந்த இடத்தில் ஐம்பது மணி நேரம் சேருங்கள். புது மீட்டர் போட்டால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் மாற்றிய தேதியையும் பேனல் கதவின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், சூட்டில் உரிந்துவிடும்.