குத்துவிளக்குக்கு 39 பைட்டு

அமேசானில் பொருள் விற்பவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு கட்டம் உண்டு. 'சர்ச் டெர்ம்ஸ்' என்று பெயர். அதில் போடும் சொற்கள் வாங்குபவர் கண்ணில் படாது. தேடல் இயந்திரம் மட்டும் படிக்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு 'பிராஸ் லேம்ப்' என்று தலைப்பு வைத்தவர், 'தீபம்', 'தியா' என்று தேடுகிறவர்களையும் பிடிக்க இந்தக் கட்டம்தான் வழி.

ஆனால் இடம் கொஞ்சம்தான். அமெரிக்கத் தளத்தில் 250 பைட்டுக்குள், இந்தியாவில் 200க்குள், ஜப்பானில் 500க்குள். கணக்கு பைட்டில் (கணினி தகவலை அளக்கும் அலகு), எழுத்தில் இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இணையத்தில் எழுத்துகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையில்தான் பதிவாகின்றன. 1992இல் கென் தாம்சன், ராப் பைக் என்ற கணினி வல்லுநர்கள் வடிவமைத்தது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு, ஜெர்மன்காரர்கள் மேலே புள்ளி வைக்கும் உயிரெழுத்துக்கு 2, தமிழுக்கு 3. போதாததற்கு, நமக்கு ஓரெழுத்தாகத் தெரியும் 'கு' கணினிக்கு இரண்டு: ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. ஆக 6 பைட்டு. மெய்யின் புள்ளிக்கும் தனியாக 3. இப்படிக் கூட்டினால் 'குத்துவிளக்கு' என்ற ஏழெழுத்துச் சொல் 39 பைட்டு! ஆங்கில எழுத்தில் அடித்தால் 12தான். அந்த நீளத்தில் ஐந்து தமிழ்ச் சொற்கள் போட்டால் இந்தியக் கட்டம் நிரம்பிவிடும். ஜப்பானிய எழுத்தும் 3 பைட்டு கேட்பதால்தான் அங்கே தாராளம் போலும். அந்தச் சலுகை நமக்கு ஏன் இல்லையோ.

சரி, அளவு மீறினால்? மிச்சத்தை மட்டும் வெட்டிவிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அமேசான் விதிப்படி, கட்டத்தில் உள்ள எதுவுமே தேடலில் சேராது.

புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரிதான் தேடல் இயந்திரமும் வேலை செய்கிறது: ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது வரும் பொருள்களின் பட்டியல். வரம்பு இல்லாவிட்டால் விளக்கு விற்பவர் செருப்பு, செல்போன் உறை என்று எல்லாப் பட்டியலிலும் ஏறிக்கொள்வார். தலைப்பில் உள்ள சொல் ஏற்கெனவே பட்டியலில் இருப்பதால் மறுபடி போடுவது வீண். காற்புள்ளி தேவையில்லை, இடைவெளி போதும். அடுத்தவர் பிராண்டுப் பெயர், 'மலிவு', 'சிறந்தது' எதற்கும் அனுமதி கிடையாது.

கைவினைப் பொருள்கள் விற்கும் எட்சி தளத்தில் வேறு கணக்கு: ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள்.