எழுசந்தை நிறுவனக் கடன்முறி நிதியம்: ஒரு சொல் விளக்கம்

‘எமர்ஜிங் மார்க்கெட் கார்ப்பரேட் பாண்ட் ஈடிஎஃப்’ என்ற நீண்ட பெயரைத் தமிழாக்கும்போது ‘வளர்ந்து வரும் சந்தைப் பெருநிறுவனப் பத்திரப் பரிமாற்ற வர்த்தக நிதி’ என்பது போன்ற ஒரு தொடர் கிடைக்கிறது. அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தால் அகராதிப்படி பெரிய பிழை இல்லை. ஆனால் எந்த அடைமொழி எதைத் தழுவி நிற்கிறது என்பது அதில் தெரியவில்லை. வளர்வது சந்தையா, நிறுவனமா, பத்திரமா? பரிமாறப்படுவது பத்திரமா, நிதியா? முதலீட்டின் இடர் எங்கே குடியிருக்கிறது என்பதை இந்த அடைமொழிகளே சுட்டுவதால், இவை இடம் மாறினால் வாசகரின் புரிதலும் இடம் மாறிவிடும்.

பொருளை முதலில் நேராகச் சொல்லிவிடலாம். வளர்ச்சியடைந்த பொருளாதாரங்களின் வரிசையில் இன்னும் சேர்க்கப்படாத நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள், முதலீட்டாளர்களிடம் கடன் பெற்று அதற்குச் சான்றாக எழுதித் தந்த பத்திரங்கள் பலவற்றை ஒரு நிதியம் வாங்கித் திரட்டி வைத்திருக்கிறது. அந்த நிதியத்தின் அலகுகளைப் பங்குகளை வாங்குவது போலவே பங்குச் சந்தையில் வாங்கவும் விற்கவும் முடிகிறது.

‘பாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ‘கட்டு’ என்ற பொருளுடைய ‘பேண்ட்’ என்பதன் மாற்று வடிவமாகும். கட்டும் கயிற்றைக் குறித்த சொல், பின்னர் ஒருவரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதியையும், அந்த வாக்குறுதி எழுதப்பட்ட ஆவணத்தையும் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டு இதழ்கள் இதைக் ‘கடன் பத்திரம்’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் ‘பிணைமுறி’ என்ற சொல் நிலைபெற்றுள்ளது. பிணை என்பதற்கும் கட்டு என்பதே வேர்ப்பொருள் என்பதால், மூலச்சொல்லின் உட்பொருளை இவ்வளவு நெருங்கிய தமிழ்ச்சொல் வேறில்லை. ஆயினும் ‘பிணை’ என்றதும் இன்றைய வாசகர் மனத்தில் ஈடும் ஜாமீனும்தான் தோன்றும். எழுசந்தை (‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்பதற்கு நான் முன்வைக்கும் சொல்) நிறுவனங்கள் பன்னாட்டுச் சந்தையில் வெளியிடும் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட சொத்து எதுவும் ஈடாக வைக்கப்படுவதில்லை. நிறுவனத்தின் வாக்குறுதியே அவற்றின் அடிப்படை. இல்லாத ஈட்டை இருப்பதாக எண்ணச் செய்யும் சொல்லை, அது எத்தனை அழகாக இருந்தாலும், இந்த இடத்தில் நான் தவிர்ப்பேன்.

‘முறி’ என்பதற்குத் துண்டு என்றும் எழுதப்பட்ட ஓலைச்சீட்டு என்றும் பொருள் உண்டு. ‘பத்திரம்’ என்ற சொல்லும் இலையைக் குறித்துத் தொடங்கி ஆவணத்தில் வந்து நின்றதுதான். இந்தத் துறையில் வழங்கும் இன்னொரு சொல்லும் வெட்டுதலோடு தொடர்புடையது. பத்திரத்தின் வட்டியைக் குறிக்கும் ‘கூப்பன்’, ‘வெட்டு’ என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. முற்காலத்தில் கடன் பத்திரத்தோடு சிறு சீட்டுகள் இணைக்கப்பட்டிருந்தன; வட்டி நாள் வந்ததும் ஒரு சீட்டை வெட்டிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்வார்கள். ஆகவே ‘கடன்முறி’ என்ற சொல், எழுதப்பட்ட சீட்டு என்ற பொருளில் நேராகப் பொருந்துகிறது. ‘முறி’ என்பது முறிவை நினைவூட்டுகிறதே என்று தயங்குவோர் ‘கடன் பத்திரம்’ என்றே எழுதலாம், பொருள் கெடாது. ‘பத்திரம்’ என்று மட்டும் எழுதுவதுதான் போதாது, ஏனெனில் நிலப் பத்திரமும் பங்குப் பத்திரமும் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடும்.

‘கார்ப்பரேட்’ என்பது உடல் என்ற பொருளுடைய ‘கார்ப்பஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. பலர் சேர்ந்து சட்டத்தின் பார்வையில் ஓர் உடலாக நிற்பதை அது குறிக்கிறது. ‘பெருநிறுவனம்’ என்ற மொழிபெயர்ப்பு, இங்கே இல்லாத ஒரு பெருமையைச் சேர்க்கிறது. இந்தப் பெயரில் ‘கார்ப்பரேட்’ என்பது அரசாங்கம் வெளியிட்டதன்று என்று பிரித்துக் காட்டவே நிற்கிறது. அளவு இங்கே பேசப்படவில்லை. ‘நிறுவனக் கடன்முறி’ என்பதே போதும்.

‘எமர்ஜிங்’ என்ற சொல்லின் வரலாறு சுவையானது. லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் மூழ்குதல். ‘எமெர்கெரே’ என்றால் மூழ்கியிருந்த நிலையிலிருந்து மேலே வருதல். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தில் பணியாற்றிய டச்சுப் பொருளியலாளர் அன்டோயின் வான் அக்ட்மேல், 1981-இல் ‘மூன்றாம் உலகப் பங்கு நிதியம்’ ஒன்றை முதலீட்டாளர்களிடம் முன்மொழிந்தார். கருத்து நன்று, ஆனால் இந்தப் பெயரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற மறுமொழி வந்தது. தேக்கத்தை நினைவூட்டிய ‘மூன்றாம் உலகம்’ என்பதற்கு மாற்றாக, ஏற்றத்தை உணர்த்தும் ‘எமர்ஜிங் மார்க்கெட்ஸ்’ என்ற தொடரை அவர் உருவாக்கினார். விற்பனைக்காகப் பிறந்த நம்பிக்கைச் சொல் இது என்பதை மறந்துவிட்டு, ஒரு பொருளியல் உண்மையின் பெயராக இதைக் கொள்ளக் கூடாது.

‘வளர்ந்து வரும் சந்தை’ என்ற பெயர்ப்பு, ‘வளரும் நாடுகள்’ என்ற பழைய தொடரோடு கலந்துவிடுகிறது. அது வளர்ச்சி தொடர்கிறது என்ற உறுதியையும் தந்துவிடுகிறது. உண்மை அப்படியில்லை. வளர்ச்சியடைந்த சந்தையாக வைக்கப்பட்டிருந்த கிரேக்கத்தை, சந்தைகளின் போக்கை அளக்கும் குறியீடுகளை வகுக்கும் எம்எஸ்சிஐ நிறுவனம் 2013-இல் எமர்ஜிங் வரிசைக்கு இறக்கியது. தென் கொரியாவை அதே நிறுவனம் எமர்ஜிங் என்கிறது. மற்றொரு குறியீட்டு நிறுவனமான எஃப்டிஎஸ்இ ரஸ்ஸல் அதை வளர்ச்சியடைந்தது என்கிறது. நிறுவனக் கடன்முறிகளுக்கான குறியீடுகளில் இந்த எல்லை இன்னும் நெகிழ்வானது. அமெரிக்க வங்கியான ஜேபி மார்கன் 2007-இல் அறிமுகப்படுத்திய ‘செம்பி’ குறியீட்டு வரிசையில், செல்வம் மிகுந்த சிங்கப்பூர், ஹாங்காங் நிறுவனங்களின் பத்திரங்களும் இடம்பெறுகின்றன.

எனவே ‘எழுஞாயிறு’ போல ‘எழுசந்தை’ என்ற வினைத்தொகையை நான் முன்வைக்கிறேன். எழுந்த சந்தை, எழுகின்ற சந்தை, எழும் சந்தை என்று மூன்று காலத்துக்கும் அது இடம் கொடுப்பதால், இந்த வரிசையில் கலந்து நிற்கும் பலவகை நாடுகளையும் பொய்யில்லாமல் குறிக்க முடிகிறது. வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது. ‘எழுச்சந்தை’ என்று எழுதுவது பிழை. அடைமொழி நாட்டின் சந்தையைத்தான் தழுவுகிறது, நிறுவனத்தையன்று என்பதும் இந்தச் சொல்லில் தெளிவாகும். பிரேசிலின் வாலே 1942-இல் தோன்றி இரும்புத்தாது வணிகத்தில் உலக அளவில் முன்னணியில் நிற்கும் நிறுவனம். அதை ‘வளர்ந்து வரும் நிறுவனம்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அது வெளியிடும் பத்திரம் எழுசந்தைக் கடன்முறியே. நிறுவனம் எவ்வளவு வலுவானதாயினும் அதன் நாட்டின் நிலை அதைத் தொடாமல் விடுவதில்லை. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஒரு நிறுவனத்துக்கு அதன் அரசைவிட உயர்ந்த தரம் கொடுக்கத் தயங்குவதும், உக்ரைன் போரையடுத்து 2022 மார்ச் இறுதியில் ரஷ்ய நிறுவனங்களின் பத்திரங்கள் ஜேபி மார்கன் குறியீடுகளிலிருந்து நீக்கப்பட்டதும் இதனால்தான்.

இனி ‘ஈடிஎஃப்’ என்பதன் விரிவான ‘எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட்’. இங்கே ‘எக்ஸ்சேஞ்ச்’ என்பது கொடுத்து மாற்றும் செயலையன்று, பங்குச் சந்தை என்னும் அமைப்பையே குறிக்கிறது. ஆகவே ‘பரிமாற்ற வர்த்தக நிதி’ என்பது பிழையான பெயர்ப்பு. இலங்கை வழக்கில் ‘பங்குப் பரிவர்த்தனை’ என்பது அந்த அமைப்பின் பெயராக இருப்பதால், அங்கே ‘பரிவர்த்தனை வர்த்தக நிதியம்’ என்றால் ஓரளவு விளங்கும்; மற்ற வாசகருக்குச் ‘சந்தையில் கைமாறும் நிதியம்’ என்பதே வெளிப்படையானது. ‘நிதி’ என்பது பொருளாதாரத் துறையையும் பணத்தையும் குறிப்பதால், திரட்டி ஆளப்படும் தொகைக்கு ‘நிதியம்’ என்று எழுதுவது நல்லது. பன்னாட்டு நாணய நிதியம் என்ற பெயரில் இது பழகிய சொல்தான்.

இத்தகைய நிதியங்கள் 1990-இல் டொராண்டோவிலும் 1993-இல் அமெரிக்காவிலும் பங்குகளுக்காகத் தொடங்கின. அமெரிக்காவில் கடன் பத்திரங்களுக்கு இந்த வடிவம் 2002-இல் வந்தது. எழுசந்தை நிறுவனக் கடன்முறிகளுக்கென்று தனி நிதியங்கள் அங்கே 2012-இல் அறிமுகமாயின.

‘சந்தையில் கைமாறும்’ என்ற அடை நிதியத்தின் அலகுகளுக்கு மட்டும் உரியது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் கடன்முறிகள் பெரும்பாலும் பங்குச் சந்தையில் கைமாறுவதில்லை. வங்கிகளும் முகவர்களும் தமக்குள் பேசி விலை முடிக்கிறார்கள், சில பத்திரங்கள் பல நாட்கள் விற்பனையாகாமலே கிடக்கும். இந்த இரண்டு வேகங்களையும் இணைக்க, அனுமதி பெற்ற பெரிய தரகு நிறுவனங்கள் பத்திரங்களைத் தந்து அலகுகளைப் பெறவும், அலகுகளைத் தந்து பத்திரங்களைத் திரும்பப் பெறவும் வழி வைக்கப்பட்டுள்ளது. 2020 மார்ச் மாதப் பதற்றத்தில் அந்த இணைப்பு தளர்ந்தபோது, பல கடன்முறி நிதியங்களின் அலகுகள் அவற்றின் நிகர சொத்து மதிப்பைவிட, அதாவது உள்ளே இருக்கும் சொத்துகளின் மதிப்பில் ஓர் அலகுக்கு உரிய பங்கைவிட, குறைந்த விலைக்குக் கைமாறின.

‘கடன்முறி’ என்ற சொல்லும் இங்கே ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடலாம். தனிக் கடன்முறிக்கு முதிர்வு நாள் உண்டு; நிறுவனம் நொடித்துப்போகாவிட்டால் அன்று பத்திரத்தில் குறித்த தொகையான முகமதிப்பு திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான நிதியங்களுக்கு முதிர்வு நாளே கிடையாது, ஏனெனில் முதிரும் பத்திரத்தின் இடத்தில் புதியது வாங்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அலகின் விலை வட்டி விகிதத்துக்கு எதிர்த்திசையில் அசையும். எவ்வளவு அசையும் என்பதை அளக்கும் எண் ‘டியூரேஷன்’. நிதியத்தின் ‘டியூரேஷன்’ 5 என்றால், விகிதம் 1 சதவீதப் புள்ளி உயரும்போது விலை ஏறத்தாழ 5 சதவீதம் இறங்கும் என்று கொள்ளலாம்.

முழுப் பெயரையும் ‘எழுசந்தை நிறுவனக் கடன்முறிகளைக் கொண்ட, சந்தையில் கைமாறும் நிதியம்’ என்று எழுதலாம். ஒருமுறை விளக்கிய பின் ‘எழுசந்தை நிறுவனக் கடன்முறி நிதியம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆங்கிலப் பெயரில் பெரும்பாலும் விடுபடும் ஒரு சொல்லைத் தமிழில் நாமே சேர்த்துக்கொள்வது நன்று: அது நாணயத்தின் பெயர். இத்தகைய நிதியங்களில் பெரும்பாலானவை அமெரிக்க டாலரில் வெளியிடப்பட்ட கடன்முறிகளையே வைத்திருக்கின்றன. தன் நாட்டு நாணயத்தில் வருவாய் ஈட்டும் நிறுவனம் டாலரில் கடனை அடைக்க வேண்டியிருப்பதால், அந்த நாணயம் சரியும்போது கடன் சுமை தானாகவே கனக்கிறது. ‘எழுசந்தை நிறுவன டாலர்க் கடன்முறி நிதியம்’ என்று எழுதிவிட்டால், அந்தச் சுமை பெயரிலேயே தெரியும்.