வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: கொழும்பு வாடகை வீடுகளும் சட்டமும்

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், பல மாத வாடகை நிலுவையில் இருந்தாலும், குடியிருப்பவரை வீட்டுச் சொந்தக்காரர் தம் கையாலேயே வெளியேற்ற இலங்கைச் சட்டம் இடமளிப்பதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தீர்ப்புப் பெற்று, அதனை நிறைவேற்றும் எழுத்தாணையுடன், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கல் அதிகாரி வந்து வீட்டை ஒப்படைப்பதே முறை. பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிப்பதும், சாமான்களைப் படிக்கட்டில் இறக்கி வைப்பதும் சொந்தக்காரரின் வழக்கையே பலவீனப்படுத்தும்.

வழக்கு வரும்போது முதலில் பார்க்கப்படுவது கையில் இருக்கும் பத்திரம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு வருட, இரண்டு வருட ‘எக்ரிமென்ட்’ பலவும் தரகர் தட்டச்சுச் செய்து தர, இரு தரப்பும் முத்திரை மேல் ஒப்பமிட்ட தாள்களே. சமாதான நீதவானின் முத்திரை பதிந்திருந்தால் அதுவே போதுமென்று நம்புவோரும் உண்டு. ஆனால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்த அதிகாரம் பெற்ற நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் உடனிருக்க எழுதப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. அவ்வாறு எழுதப்படாத நிலையில் வீட்டில் குடியேறி மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தால், நீதிமன்றங்கள் அதனை மாத வாடகைக் குடியிருப்பாகவே கொள்கின்றன. இதனால் இரண்டு வருடம் முடியும்வரை இருப்பேன் என்று குடியிருப்பவரும் வற்புறுத்த முடியாது. இரண்டு வருட வாடகையையும் தந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொந்தக்காரரும் வற்புறுத்த முடியாது. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் ஆசை இரு பக்கத்தையும் ஒருங்கே பாதிக்கிறது.

மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் வேண்டும். வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குவதாயின், ஜூன் 10 இல் கடிதம் கொடுத்து ஜூலை 10 இல் வெளியேறச் சொல்வது குறைபாடுள்ள அறிவித்தலாகும். ஜூலை 31 என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பித் தபாலகப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வதும், குடியிருப்பவர் கடிதம் வந்த உறையை எறியாதிருப்பதும் நல்லது.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் இடங்களில் பாதுகாப்பு இன்னும் அதிகம். அங்கே வாடகை நிலுவை, எழுத்து மூல அனுமதியின்றி உப வாடகைக்கு விடுதல், சொந்தக்காரரின் நியாயமான தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இன்றி வெளியேற்ற முடியாது. ஆனால் பின்வந்த திருத்தங்கள் அதன் எல்லையைச் சுருக்கிவிட்டன. புறக்கோட்டையின் பழைய கடைக்கும், தாத்தா காலத்திலிருந்து குடும்பம் இருந்துவரும் வீட்டுக்கும் அது பொருந்தக்கூடும். காலி வீதியோரம் அண்மையில் எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பொருந்தும் இடத்தில், நிலுவையைக் காரணம் காட்டி வழக்கிடும் நோக்கத்துடன் சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், அதனைக் கொழும்பு மாநகர சபையில் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரிடம் கட்டலாம். அவ்வாறு கட்டியது சொந்தக்காரருக்கே செலுத்தியதாகக் கருதப்படும்.

பத்து வருடம் இருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்ற பேச்சைக் கேட்டு, ஒன்பதாம் வருடத்தில் நல்ல குடியிருப்பாளரைக் காரணமின்றி எழுப்பும் சொந்தக்காரர்கள் கொழும்பில் உண்டு. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கேட்பது, உரிமையாளருக்கு எதிரான, தடையற்ற பத்து வருட ஆட்சியை, அதாவது சொத்தைத் தன்னுடையதாகக் கைவசம் வைத்திருப்பதை. வாடகை கொடுத்து இருப்பவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்டே இருக்கிறார். அவர் இருபது வருடம் இருந்தாலும் அது அத்தகைய ஆட்சியாவதில்லை. தம்மைக் குடியமர்த்தியவருக்கு அன்று உரிமை இருக்கவில்லை என்று வாதிடவும் சாட்சியக் கட்டளைச் சட்டம் அவரை விடாது. எனவே வாடகைப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டையைப் பேணுவது சொந்தக்காரருக்கே பெரிய காவல்.

வேலை முடிந்து வரும்போது கதவில் புதுப் பூட்டுத் தொங்கினால் காலத்தை வீணாக்கக் கூடாது. முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைப் பெறவேண்டும். இது சிவில் விடயம் என்று அங்கே சொன்னாலும், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய பிணக்காயின், பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியுடன் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அவ்வாறு தகவல் தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே இருத்த நீதவான் கட்டளையிடலாம். பேசித் தீர்ப்போம் என்று மூன்று மாதம் கடத்தினால் இந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். இக்கட்டளை வீடு யாருடையது என்பதைத் தீர்ப்பதில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

சொந்தக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, உறவினர் ஒருவர் வாடகை வாங்கும் வீடுகளில் சொந்தக்காரர் சார்பில் செயற்பட அவருக்கு அதிகாரம் அளிக்கும் அற்றோணித் தத்துவத்தின் பிரதியை அந்த உறவினரிடம் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. சொந்தக்காரர் இறந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக வாடகை கேட்டால், யாரிடம் செலுத்துவது என்பதை எல்லோரும் ஒப்பமிட்ட கடிதமாகப் பெறாமல் ஒருவர் கையில் கொடுப்பது ஆபத்து. சட்டத்தரணிக்குச் செலவிட வசதி இல்லாதோர் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். ஒப்பந்தம், வாடகைப் பற்றுச்சீட்டுகள், முற்பணம் கொடுத்ததற்கான கடிதம், மின்சாரப் பட்டியல், குடியிருப்போர் விபரம் பொலிஸில் பதியப்பட்ட படிவத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு சென்றால் முதல் நாளிலேயே ஆலோசனை பெறலாம்.