கேன்சர் வலிக்கு மார்ஃபின்: சட்டம் எப்பவோ வழிவிட்டாச்சு, கேட்டு வாங்குங்க

எங்க சித்தப்பாவுக்கு வாய்ல கேன்சர். ரேடியேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகுதான் வலி அதிகமாச்சு, ராத்திரி படுக்கவே முடியாது, திண்ணைல உக்காந்து தாடையை ஒரு கையால தாங்கிப் புடிச்சிட்டு விடியிற வரைக்கும் முன்னும் பின்னும் ஆடிட்டே இருப்பாரு. பாத்துட்டிருந்த டாக்டர்கிட்ட மார்ஃபின் (அபின்ல இருந்து எடுக்கற, கடுமையான வலிக்கான மருந்து) குடுக்க முடியுமான்னு கேட்டேன். "அதெல்லாம் கடைசி ஸ்டேஜ்லதான்மா, இப்பவே ஆரம்பிச்சா அடிக்ட் ஆயிடுவாரு, அப்புறம் அது போதை மருந்து சட்டத்துல வர்றது, எங்களுக்கும் பிரச்சினை உங்களுக்கும் பிரச்சினை"ன்னு சொல்லிட்டு பழைய வலி ஊசியையே திரும்ப எழுதிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்தான், அவரைக் குறை சொல்ல இதை எழுதல. ஆனா அவர் சொன்ன மூணுமே தப்புன்னு ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு ஆஸ்பத்திரில தெரிஞ்சப்போ எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேந்து வந்துச்சு, ஏன்னா அந்த ரெண்டு மாசத்தை அவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அதனால சட்டம் நெஜமா என்ன சொல்லுதுன்னு எழுதிடறேன்.

1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு, என்டிபிஎஸ்னு சொல்றாங்களே அதான். அந்தச் சட்டம் மார்ஃபினை மருந்தா குடுக்கக் கூடாதுன்னு எப்பவுமே சொன்னதில்ல. ஆனா அதை வச்சிக்க, வாங்க, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு கொண்டு வரன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி லைசென்ஸ், நாலஞ்சு பேப்பர், வேற வேற டிபார்ட்மென்ட், எல்லாமே ஒரே நேரத்துல செல்லுபடியா இருக்கணும், ஒண்ணு காலாவதி ஆனாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கணக்குல தப்பு வந்தா ஜெயில்ங்கற பயம் வேற. ஆஸ்பத்திரிங்க ஒண்ணொண்ணா மார்ஃபின் வாங்கறதையே நிறுத்திட்டாங்க. 1985க்கு அப்புறம் நாட்டோட மருத்துவ மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம் விழுந்து 1997ல மொத்த இந்தியாவுக்கும் வருஷத்துக்கு வெறும் 18 கிலோன்னு ஆச்சு. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசாங்க லைசென்ஸோட கசகசாச் செடி பயிர் பண்ணி அபின் எடுக்கற நாடு இது, நீமச்லயும் காஜிப்பூர்லயும் அதுக்குன்னு அரசாங்க ஃபாக்டரியே இருக்கு. நம்ம மண்ணுல விளையற மருந்து நம்ம ஆளுங்களுக்கே கிடைக்கல.

இதுல பெரிய நஷ்டம் என்னன்னா, அந்த வருஷங்கள்ல எம்பிபிஎஸ் படிச்ச டாக்டர்ஸ்ல நிறைய பேர் வாய்வழி மார்ஃபின் மாத்திரையை கண்ணாலயே பாக்காம படிச்சு முடிச்சாங்க. பாடத்துல போதை மருந்துன்னு படிச்சாங்க, வார்டுல வலி போன நோயாளியைப் பாக்கல. இன்னைக்கு சீனியரா இருக்கறவங்க பலர் அந்த செட்டுதான், அந்தப் பயம்தான் ஜூனியர்களுக்கும் போகுது.

2014ல சட்டத்தைத் திருத்தினாங்க. மக்களவை மாநிலங்களவை ரெண்டும் அந்த பிப்ரவரில பாஸ் பண்ணுச்சு. கேரளாவுல வலி நிவாரணத்துக்காகப் போராடின டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா டெல்லிக்கு நடையா நடந்ததுக்குக் கிடைச்ச பலன் அது. போதைப்பொருளைத் தடுக்கறது மட்டும் இல்ல, மருத்துவத்துக்குக் கிடைக்கறதை உறுதி பண்றதும் சட்டத்தோட வேலைன்னு அதுலயே எழுதிட்டாங்க. அத்தியாவசிய போதை மருந்துகள்னு ஒரு தனி வகையும் வந்துச்சு, 2015ல அதுக்கான விதிகள் வந்தப்போ அந்த லிஸ்ட்ல ஆறு மருந்து: மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன். இந்த ஆறுக்கும் மாநிலத்துக்கு ஒரு விதிங்கறது போய் நாடு முழுக்க ஒரே விதி.

எப்படி நடக்குதுன்னா, ஒரு ஆஸ்பத்திரி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட மட்டும் விண்ணப்பம் போட்டா போதும், பழைய மாதிரி நாலு ஆபீஸ் ஏற வேண்டாம். அங்கீகாரம் கிடைச்சதும் அது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம், சுருக்கமா ஆர்எம்ஐ. அங்க வலி நிவாரணத்துலயும் பேலியேட்டிவ் கேர்லயும் (தீராத நோய்ல வலி, அவதியைக் குறைக்கற சிகிச்சை) பயிற்சி எடுத்த டாக்டர் ஒருத்தராவது இருக்கணும், ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒழுங்கா எழுதணும், அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு தேவைன்னு முன்கூட்டியே சொல்லணும், அவ்வளவுதான். சின்ன ஆஸ்பத்திரி, ஹாஸ்பைஸ் (கடைசிக் காலத்துல இருக்கறவங்களைப் பாத்துக்கற இடம்) கூட அப்ளை பண்ணலாம். எங்ககிட்ட மார்ஃபின் கிடையாதுன்னு ஒரு ஆஸ்பத்திரி சொன்னா சட்டம் விடலன்னு அர்த்தம் இல்ல, அவங்க இன்னும் அப்ளை பண்ணலன்னுதான் பெரும்பாலும் அர்த்தம்.

நோயாளி பக்கம் பயமே வேண்டாம். டாக்டர் எழுதி, முறையா கொடுத்த மாத்திரையை வீட்ல வச்சிக்கறது சட்டப்படி சரி. சித்தப்பாவுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை, காலைல 6 மணி, 10 மணி, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 மணிக்கு மட்டும் ரெண்டா (நடு ராத்திரில எழுப்ப வேண்டாம்னு). ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், மாசத்துக்கு 1.8 கிராம். இதே சட்டத்துல மார்ஃபினுக்கு வணிக அளவுன்னு (கடத்தல், வியாபாரம்னு பாக்கற பெரிய அளவு) சொல்றது 250 கிராம், பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை அதுக்குத்தான். ஊருக்குப் போனா பிரிஸ்கிரிப்ஷன், டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டையும் மாத்திரையோட ஒரே பையில வச்சிக்கோங்க.

இப்ப அந்த டாக்டர் சொன்ன விஷயத்துக்கு வரேன். கடைசி ஸ்டேஜ்ல மட்டும்தான்னு எங்கயும் இல்ல, உலக சுகாதார நிறுவனம் 1986லயே சொன்னது வலியோட அளவைப் பாத்துக் குடுக்கச் சொல்லித்தான், நோய் எந்த ஸ்டேஜ்ங்கறதை வச்சு இல்ல. ட்ரமடால் மாதிரி வலி மருந்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதுக்கு மேல ஏத்த முடியாது, மார்ஃபினுக்கு அப்படி ஒரு நிலையான வரம்பு கிடையாது, வலி கூடினா டாக்டர் பாத்து டோஸ் கூட்டலாம். அதனால இப்பவே குடுத்துட்டா அப்புறம் குடுக்க ஒண்ணும் இருக்காதேன்னு சேத்து வைக்க வேண்டிய மருந்தே இல்ல இது.

அடிக்ஷன் விஷயத்துல டாக்டர்ஸே ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கறாங்க. ரொம்ப நாள் சாப்பிட்டா உடம்பு மருந்துக்குப் பழகும், திடீர்னு நிறுத்தினா நடுக்கம், வேர்வை, வயித்தால போறது எல்லாம் வரும், அதனால நிறுத்தணும்னா படிப்படியா குறைக்கணும். இது உடம்போட குணம். அடிக்ஷன்ங்கறது வேற, வலியே இல்லாம போதைக்காக அலையறது, குடும்பம் கெட்டாலும் விட முடியாம தவிக்கறது. கேன்சர் வலிக்கு டாக்டர் கண்காணிப்புல சாப்பிடறவங்கள்ல அது அபூர்வம். கோழிக்கோடு பேலியேட்டிவ் கிளினிக்ல ரெண்டு வருஷத்துல 1,700 பேருக்கு மேல மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே குடுத்து அனுப்பிப் பாத்திருக்காங்க, மாத்திரையை யாரும் போதைக்கு எடுத்ததாவோ வேற கைக்குப் போனதாவோ ஒரு கேஸ் கூட வரலன்னு 2001ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. மூச்சு நின்னுடும்ங்கற பயமும் அப்படித்தான், கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு வலிக்குத் தக்கபடி ஏத்தினா அது அரிது. ஆனா கிட்னி சரியில்லாதவங்களுக்கு மருந்து உடம்புல தேங்கும், அவங்களுக்கு டோஸ் குறைக்கணும், இல்ல வேற மருந்து மாத்தணும், அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டுக்காரங்க மாத்திரையை எடுத்துக் குடுக்கற வேலையே கூடாது, குழந்தைங்க கைக்கும் எட்டக் கூடாது.

நிச்சயம் வர்ற தொல்லை மலச்சிக்கல். மலமிளக்கி சேத்து எழுதாம மார்ஃபின் மட்டும் எழுதினா நீங்களே கேட்டு வாங்குங்க. முதல் ரெண்டு மூணு நாள் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கும், அப்புறம் பெரும்பாலும் போயிடும். சித்தப்பா முதல் ரெண்டு நாள் தூங்கிட்டே இருந்தப்போ சித்தி பயந்துபோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க. நர்ஸம்மா ஃபோன்ல, "மாசக்கணக்கா தூங்காத மனுஷன்க்கா அவரு, தூங்கட்டும், கூப்பிட்டா முழிக்கிறாரான்னு மட்டும் பாருங்க"ன்னாங்க. நாலாம் நாள் காலைல தானா எழுந்து ஷேவ் பண்ணிட்டு, ரசம் சாதம் கரைச்சுத் தரச் சொல்லி கேட்டாரு.

தமிழ்நாட்டுல எங்க கேக்கறதுன்னா, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட கேன்சர் பிரிவு இல்ல வலி நிவாரணப் பிரிவுல முதல்ல கேளுங்க. சாதாரண மெடிக்கல் ஷாப்ல தேடி அலையாதீங்க, பொதுவா அங்க வச்சிருக்க மாட்டாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல பேலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு, பக்கத்துல மார்ஃபின் எந்த ஆஸ்பத்திரில தர்றாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க, அரசோட சுகாதார உதவி எண் 104க்கும் அடிச்சுக் கேக்கலாம். டாக்டர்கிட்ட பேசும்போது வலிக்குதுன்னு மட்டும் சொல்லாம பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறாங்கன்னு ஒரு நோட்ல எழுதிட்டுப் போங்க. மார்ஃபின் இல்லன்னு சொன்னா, இந்த ஆஸ்பத்திரி ஆர்எம்ஐயா, இல்லன்னா எங்க ரெஃபர் பண்றீங்கன்னு மரியாதையாவே கேளுங்க.

மிஞ்சின மாத்திரையைக் குப்பைல போடாதீங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க, வாங்கின இடத்துலயே திருப்பிக் குடுங்க. சித்தப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் நானும் சித்தியும் போய் 14 மாத்திரை குடுத்தோம், ஃபார்மசிஸ்ட் ஒண்ணொண்ணா எண்ணி ரெஜிஸ்டர்ல எழுதி சித்திகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டாரு.