பத்து மீட்டர் குழலும் ஒரு அடி பிவிசி பைப்பும்

போன டிசம்பரில் அக்கா வீட்டுக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் போயிருந்தபோது, எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்கில் கிறிஸ்துமஸ் ஆர்கன் கச்சேரி கேட்டேன். ஆர்கன் என்றால், கட்டைகளை அழுத்தினால் காற்று புகுந்து குழல்கள் ஒலிக்கும் பெரிய வாத்தியம். பழைய செங்கல் கிடங்கின் தலைமேல் கண்ணாடியில் அலை அலையாக எழுப்பி 2017-இல் திறந்த கட்டிடம் அது. உள்ளே இருக்கும் ஆர்கனுக்கு 4,765 குழல்கள். மிகச் சிறியது 11 மில்லிமீட்டர், மிகப் பெரியது பத்து மீட்டருக்கும் மேல். அந்தப் பெரிய குழல் பேசும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில்தான் தெரிந்தது. நொடிக்குச் சுமார் 16 அதிர்வு, நம் செவி பிடிக்கும் எல்லைக்கே கீழே.

காட்பாடிக்கு வந்ததும், பஜனையில் ஹார்மோனியம் வாசிக்கும் அப்பாவின் முதல் கேள்வி, "அதுவும் துருத்திதானேடா?"

துருத்திதான், ஆனால் இப்போதெல்லாம் மோட்டார் ஊதுகிறது. கட்டையை அழுத்தினால் குழலின் அடியில் வால்வு திறக்கும். ஹார்மோனியத்தில் பித்தளை நாக்கு அதிர்கிறது. ஆர்கனில் பெரும்பாலான குழல்களுக்கு நாக்கே கிடையாது. ஒரு மெல்லிய இடுக்கு வழியாகக் காற்று தகடு போல வெளியே வந்து, எதிரே உள்ள உதட்டில் மோதி, குழலுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிச் சாயும். எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும் என்பதை உள்ளே நிற்கும் காற்றுத்தூணின் நீளம்தான் முடிவு செய்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்தாயி கீழே.

ஹார்டுவேர் கடையில் ஒரு அடி பிவிசி பைப் வாங்கிப் பாருங்கள். ஒரு முனையை உள்ளங்கையால் தட்டிவிட்டு உடனே கையை எடுத்தால் ஒரு சுருதி. எடுக்காமல் அப்படியே மூடி வைத்தால் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே. ஆர்கன் செய்பவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள்: மேல்முனையை மூடிவிட்டால் பாதி நீளக் குழலே போதும், குரலின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறும்.

சரி, அரங்கம்? எனக்கு அதுதான் பெரிய வியப்பு. சுவர் முழுக்க சுமார் 10,000 ஜிப்சம் பலகைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆழத்தில் குழிகள். வழவழப்பான சுவர் என்றால் ஓசை பந்து போல ஒரே திசையில் திரும்பி அடிக்கும், நம்மூர் கல்யாண மண்டபத்தில் மைக் பேச்சு ஒரு வார்த்தை மேல் இன்னொன்று ஏறிக் குழம்புகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். குழிகள் அதை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தின் யாளித் தூண்களும் குதிரைத் தூண்களும் அழகுக்காகச் செதுக்கியவை, ஆனால் ஓசையை உடைத்துப் பரப்பும் வேலையை அவையும் செய்யும்.

அப்புறம் அப்பா கேட்டார், "அதை வேலூருக்குக் கொண்டுவந்தா?"

வெயில் விடாது. 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355. குழலின் நீளம் மாறாமல் வேகம் மட்டும் கூடினால் சுருதி அரை ஸ்வரத்தில் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியில்) பாதிக்கும் மேல் ஏறிவிடும். நாக்கு உள்ள குழல்கள் அவ்வளவு ஏறாது, அதனால் ஒரே ஆர்கனுக்குள்ளேயே சண்டை வரும். நாதஸ்வரக்காரர் மூச்சிலும் சீவாளியிலும் சரிசெய்துகொள்வார். ஆர்கனுக்கு அந்த வழி இல்லை.

மே மாதம் ஒரு நாள் விடியற்காலையிலும் மதியம் இரண்டு மணிக்கும் மொட்டை மாடியில் அதே பைப்பைத் தட்டி, போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்தோம். மதியம் முள் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே நின்றது. அப்பா நம்பாமல் இன்னும் நான்கு தடவை தட்டினார்.